அக்காவின் நான்கு

என் மருந்துப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட வராது. நீல மையில் நான்கு என்ற எண், அதைச் சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு தேதி. பெயர் கிடையாது. புத்தகம் கிழிந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, உறையும் மாறிவிட்டது. சீட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் புதிய உறைக்குள் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையதல்ல. முப்பது வருடம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்கு எடுத்து வராதவள் நான். வாழ்க்கையில் நான் திருடியது இந்த ஒன்றைத்தான், அதையும் அக்காவிடமிருந்து திருடினேன்.

அக்கா என்று சொன்னாலும் அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது எச்.ஐ.வி. மட்டும்தான். இரண்டு பேருக்கும் புருஷன் கொடுத்துவிட்டுப் போனது. எனக்குப் பல்லடம், அவளுக்குத் தாராபுரம். பக்கத்து ஊரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து, இருவரும் கோயமுத்தூரில் இருக்கும் ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போய் மாதாமாதம் மருந்து வாங்கினோம். முதல் மாதம் ஒரே பஸ்ஸில் போய், ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே ஒரே வாசலுக்குள் நுழைந்தோம். இரண்டாவது மாதம் அவள்தான் திரும்பி, "ஏனுங்க அம்மணி, எந்தூருங்க?" என்று கேட்டாள். மூன்றாவது மாதத்திலிருந்து தாராபுரத்திலேயே எனக்கும் சேர்த்து இடம் போட்டுக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் அவளுக்கு, பக்கத்து இடம் எனக்கு. இருபது வருடத்தில் ஒருநாள்கூட நான் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கொடுத்துவிடுவாள் என்று தெரிந்ததால்தான் நான் கேட்கவில்லை.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒதுக்கிவைக்க வேண்டும். முப்பது வருடம் அதையே பார்த்த கண், மனிதர்களிடமும் அதையேதான் தேடும். அக்காவிடம் நான் தேடாத குறை இல்லை. ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்தக் காலத்தில் எங்கள் சென்டரில் எல்லாருக்கும் ஒரே பேச்சு சிடி ஃபோர்தான். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிச் சொல்வார்கள். எண் ஏறினால் ஆயுசு ஏறியது மாதிரி. இறங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. பரிசோதனை முடிந்து வந்ததும் வெளியே டீக்கடையில் நின்று ஒருவர் எண்ணை ஒருவர் கேட்போம். நான் முந்நூற்று அறுபதைத் தாண்டியதே இல்லை. அக்காவுக்கு ஐந்நூறு, அறுநூறு, ஒரு தடவை எண்ணூற்று நாற்பது. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சும்மா ஏதோ வந்துருக்குது கண்ணு. அடுத்த தடவ உனக்கும் ஏறீரும் பாரு" என்பாள். அந்த ஆறுதல்தான் எனக்கு ஆகாது. பெருமையடித்துக்கொண்டிருந்தால் மனசார வெறுத்துத் தொலைத்திருப்பேன். பிற்பாடு வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை வந்தது. அதில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் எல்லாருக்கும் "ஒன்றும் தென்படவில்லை" என்ற ஒரே பதில்தான். எனக்கும் அதே, அக்காவுக்கும் அதே. உடம்புக்கு அது எவ்வளவு நல்ல செய்தி என்று தெரிந்தும் எனக்கு அதில் சுவாரசியமே இல்லாமல் போனது.

எண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் மகனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா இறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அக்கா அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அம்மாவின் மாத்திரை அவன் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணிடம் சொல்லித்தான் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடும் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுவான். எனக்கும் ஒரு மகள் ஈரோட்டில் இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள், பேரனுக்கு டம்ளரும் தட்டும் பையில் வைத்துக் கொண்டு வருவாள். தண்ணீரும் கொண்டு வருவாள். நான் எதுவும் கேட்டதில்லை. பஸ்ஸில் அக்காவின் செல்போன் எட்டு மணிக்கு அடிக்கும், "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று அவன் கேட்பது பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்கும். நான் அப்போதுதான் பையில் எதையோ தேடுவேன்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று மொத்தமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாத இடைவெளியில் பார்ப்பதால் மாற்றம் பளிச்சென்று தெரியும். அப்படித்தான் அந்த வருடம் அக்கா இளைத்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. பழைய மருந்துகள் எனக்குக் கையையும் காலையும் வற்றவைத்து வயிற்றை மட்டும் வளர்த்துவிட்டிருந்தன. ஆகவே அறுபத்தைந்து வயதில் கொடி மாதிரி இருக்கிறாளே என்று அதற்கும் பொருமினேன். சிங்காநல்லூரில் இறங்கினால் முன்பெல்லாம் எனக்கு முன்னால் போகிறவள், இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தாள். பெரிய மனுஷியாகிவிட்டாள், அவசரம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் என்று நினைத்தேன். மருமகள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை என்றாள். கொடுத்துவைத்தவள். "அசதியா இருக்குது கண்ணு, உக்காந்தா எந்திரிக்கத் தோணறதில்ல" என்றாள். பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் எனக்கும்தான் அசதியாக இருக்கும் என்று வாய் வரை வந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள். மகாராணிக்கு மூடி திறக்கும் வேலைக்காரி நான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திறந்து கொடுத்தேன். ஒரு பனியனில் இத்தனை குறை இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே ஒதுக்கியிருப்பேன். இங்கே ஒவ்வொன்றும் எனக்கு அவளுடைய அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்டரில் வயதானவர்களுக்கு ஒரு புதிய சோதனை வந்தது. நடைவழித் தரையில் மஞ்சள் டேப்பை நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடாக ஒட்டியிருந்தார்கள். ஐம்பது தாண்டியவர்கள் ஒவ்வொருவராக ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வழக்கம் போல நடக்க வேண்டும், சிஸ்டர் நேரம் பார்ப்பார். பிறகு சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். பிறகு கேள்விகள். இந்த ஒரு வருடத்தில் காரணமில்லாமல் எடை குறைந்ததா, எதைச் செய்தாலும் களைப்பாக இருக்கிறதா, வீட்டில் நடமாட்டம் எப்படி. கூட்டம் வாசல் வரை நின்றது. சிஸ்டர் பாலக்காட்டுக்காரர், பாதி மலையாளத்தில் அன்பாகத்தான் பேசினார், ஆனால் எதற்கு இந்தச் சோதனை என்று ஆளுக்கு ஆள் விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. டாக்டரம்மா சொல்வார் என்றார்.

நான் முதலில் நடந்தேன். கம்பெனி சங்கு ஊதிய பிறகு கேட்டை நோக்கி ஓடிய பழக்கம், விறுவிறுவென்று போய்ச் சேர்ந்தேன். கருவியையும் இறுக்கித்தான் பிடித்தேன். சிஸ்டர் சீட்டில் ஒன்று என்று எழுதி வட்டமிட்டு, "சரி, நீங்க எப்பவும் போல டாக்டரைப் பாத்துட்டுப் போங்க" என்றார். அடுத்து அக்கா. இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு, மணமேடைக்கு வரும் பெண் மாதிரி அடி மேல் அடி வைத்து வந்தாள். கருவியைப் பிடித்தபோது முள் அசைந்ததா என்றே தெரியவில்லை. கேள்விக்கெல்லாம், "ஆமாங்க சிஸ்டர், ஆமாங்க" என்றாள். அவளுக்கு நான்கு வந்தது. சிஸ்டர் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்து, "அம்மா, இதை டாக்டர் கண்டிப்பாப் பாக்கணும், மறந்துறாதீங்க" என்றார். எனக்காக அவர் எழுந்து நிற்கவில்லை.

இருபது வருடமாக எண் என்றால் ஏற வேண்டியது, ஏறினால் நல்லது என்று மட்டுமே தெரிந்தவர்கள் நாங்கள். என் கண்ணுக்கு அவள் நாலு மார்க், நான் ஒரு மார்க். ஓடியதுதான் தப்பு, அக்கா மாதிரி பதமாக நடந்திருக்க வேண்டும், கருவியை அப்படி முரட்டுத்தனமாக நெரித்திருக்கக் கூடாது என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். சீட்டை என்னிடம் காட்டி, "சும்மா ஏதோ போட்டிருக்கறாங்க கண்ணு" என்று பழைய குரலில் சொன்னாள்.

எங்கள் சென்டரில் துண்டுச்சீட்டுகளில் பெயர் எழுதுவதில்லை. கீழே விழுந்து வேற்று ஆள் கையில் கிடைத்தால் ஒரு குடும்பம் நாறிப்போகும் என்பதால் வந்த வழக்கம். எங்களைக் காப்பாற்ற ஏற்பட்டது. டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று தன் பையையும் புத்தகத்தையும் என் மடியில் வைத்து, "பாத்துக்க கண்ணு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு புத்தகங்கள், இரண்டிலும் மேலே க்ளிப்பில் செருகிய சீட்டு. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்தேன். ஒரே ஒரு தடவை டாக்டரம்மா என் புத்தகத்தைத் திறக்கும்போது பெரிய எண் இருக்கட்டும். அவளுக்கு மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், ஜன்னலோரம் இருக்கிறது. இது ஒன்று போனால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்? அவள் திரும்பி வருவதற்குள் சீட்டுகள் இடம் மாறியிருந்தன.

என் முறை முதலில் வந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். உட்காருங்கள் என்றார். வருடக்கணக்காக நின்றபடியே பேசிவிட்டு வரும் அறை அது. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, சமீபத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "வீட்ல உங்களை யாரும்மா பாத்துக்கறாங்க?" என்றார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இனி நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, ரத்தச் சோதனை, எலும்புச் சோதனை, சாப்பாட்டுக்கு ஆலோசனை, வாரத்துக்கு ஒரு நாள் உடற்பயிற்சி என்று வரிசையாக எழுதினார். முதல் பரிசு வாங்கியவளைப் போல வெளியே வந்தேன். அக்கா உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டாள். "நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்றாள். திரும்பும் பஸ்ஸில் அவள் அதிகம் பேசவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆகா, இன்றைக்கு அவளுக்கு என்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டு, பல்லடம் வரும் வரை நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த வாரம் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்திருங்கள் என்றார். எழுந்தேன். அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலுன்னு போட்டிருக்குது. நாலு வந்தவங்க இப்படியா எந்திரிப்பாங்க?" என்றார். ஏன், நாலு வந்தால் இன்னும் நன்றாக எழுவார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். இது தளர்ச்சியை அளக்கிற சோதனை. எடை, களைப்பு, நடமாட்டம், நடை, கைப்பிடி என்று ஐந்து. எதில் தளர்ந்திருக்கிறதோ அதற்கு ஒரு புள்ளி. பூஜ்யம் வந்தால் உறுதி. மூன்றும் அதற்கு மேலும் வந்தால் உடம்பு உள்ளே இற்றுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். "சாதாரணமா ஒரு காய்ச்சல், சின்னதா ஒரு வழுக்கல், அதைக்கூட அந்த உடம்பு தாங்காதுங்க அம்மணி. மருந்துனால நீங்க எல்லாரும் நல்லா ஆயுசோட இருக்கறீங்க. ஆனா மத்தவங்களுக்கு லேட்டா வர்ற தளர்ச்சி உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இது. எதுக்கும் நீங்க வாராவாரம் வந்துருங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போயிருக்க வேண்டும். வெளியே வந்து அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். சீட்டை மாற்றியது நிமிஷ நேரத்துப் புத்திக்கேடு என்று யாராவது மன்னிக்கலாம். அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டரை மாதம் அப்படியில்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது, நேரில் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதி என்னவென்றால், வாராவாரம் ஒரு அம்மா என்னை அம்மணி என்று கூப்பிட்டு, முட்டை சாப்பிட்டீர்களா, சுண்டல் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, என் முழங்காலைப் பிடித்து நீவிவிடுவதைக் கைவிட எனக்கு மனசில்லை. டாக்டரம்மா நடைவழியில் பார்த்தால் நின்று விசாரிப்பார். அக்காவுக்கு வீட்டிலேயே இதெல்லாம் கிடைக்கிறதே என்று அப்போதும் கணக்குப் பார்த்தேன்.

மூன்றாவது மாதம் மருந்து வாங்கும் நாள் வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாக்கியங்களை மனதில் அடுக்கிக்கொண்டு பல்லடத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் வேறு யாரோ ஒரு ஆள் தூங்கிக்கொண்டு வந்தார். நின்றபடியே போன் போட்டேன். மகன் எடுத்தான். "வீட்டுக்குப் பின்னால பொடக்காளில துணி காயப்போடப் போயி விழுந்துட்டாங்க சித்தி. நாலு நாள் ஆச்சு. இடுப்பெலும்புங்க. ஆபரேசன் முடிஞ்சுது" என்றான். அவன் என்னை எப்போதும் சித்தி என்றுதான் கூப்பிடுவான். காரணம்பேட்டையில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த தாராபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதி ஆளாக இருந்தாள். மகன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். அவன் முகம் வீங்கியிருந்தது. "போன தடவ கோயமுத்தூருல சோதிச்சுப் பாத்தாங்கல்லங்க சித்தி, ஒண்ணுதான், ஒரு கொறையுமில்லன்னு சொன்னாங்களாமா. நானும் அதை நம்பி அசால்ட்டா இருந்துட்டேன்" என்றான். என் பைக்குள் புத்தகம் இருந்தது, புத்தகத்துக்குள் சீட்டு இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "ஆமா கண்ணு, எனக்கு ஒண்ணுதான். நீ போயி சித்திக்கு ஒரு டீ வாங்கிட்டு வா" என்று அவனை அனுப்பினாள்.

அவன் போனதும் என்னைப் பார்த்தாள். "டாக்டரம்மா ரூமுல புத்தகத்தத் தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சிஸ்டரு நாலுன்னு எழுதுனதப் பாத்தவதானே நானு."

"ஏனுங்கக்கா அப்பவே சொல்லலீங்க?"

"என்னத்தச் சொல்றது. இருவது வருசமா நீ ஒரு தடவகூட முந்தல. ஆசப்பட்டு எடுத்துட்டா, முந்திக்கட்டும்னு உட்டுப்போட்டேன்."

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண் ஏறினால் நல்லதில்லை, நான்கு என்றால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தச் சீட்டை டாக்டரம்மா உங்கள் புத்தகத்தில் பார்த்திருந்தால் அன்றைக்கே உங்களுக்கு எல்லாம் செய்திருப்பார், எனக்குச் செய்ததெல்லாம் உங்களுக்குச் செய்ய வேண்டியது, இது தெரிந்தும் இரண்டு மாதத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.  அவள் உதட்டோரம் சிரித்தாள்.

"அப்ப நல்லத எனக்குக் குடுத்துப்போட்டு, கெட்டத நீ எடுத்துட்டுப் போயிருக்கற. அதுக்கு எதுக்கு கண்ணு அழுவற?"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பையங்கிட்டச் சொல்லீராத. அப்புறம் உன்னய சித்தின்னு கூப்பிட மாட்டான்."

இருபது வருடம் அவளிடம் எதைப் பார்த்து நான் எரிந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் போன் வரும்போதெல்லாம் நான் பைக்குள் தேடியது எதை என்று தெரிந்திருந்தது. இடுப்பொடிந்து கிடக்கும்போதும் என்னிடமிருந்து அது போய்விடக் கூடாது என்று பார்த்துக்கொண்டாள். என் மனதில் அப்போது நன்றி இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்து நின்றது பொறாமைதான். நான் நூறு வருடம் இருந்தாலும் இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராது. பெரிய எண் என்று தெரிந்தே விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. திருடியவளை முந்த முடியும், விட்டுக்கொடுப்பவளை எப்படி முந்துவது? டீ வந்தது. அவன் ஆற்றிக் கொடுத்தான். குடித்தேன்.

மறுநாள் கோயமுத்தூர் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.  "முன்னாடியே தெரிஞ்சிருந்தா விழுந்திருக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா. விழுந்துதான் இருப்பாங்கன்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் சென்டரில் சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் மருந்துப் புத்தகத்தின் எண்ணை எழுத ஆரம்பித்தார்கள். அது ஏன் வந்தது என்று வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியாது.

அதன்பின் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தாராபுரம் போனேன். எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரப்பர் பந்தைப் பிழிவது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, வாக்கரைப் பிடித்து நிற்பது. மருமகளுக்குச் சுண்டலும் முட்டையும் கணக்குச் சொன்னேன். அவர்கள் வீட்டு வாசலில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். நான்காவது மாதம் அக்கா ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வாக்கரோடு போய்ச் சேர்ந்தாள். மகன் கைதட்டினான், தெருவே திரும்பிப் பார்த்தது. நான் தினமும் நடக்கிறேன், எனக்கு யார் கைதட்டினார்கள் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. இந்தப் புத்தி என்னோடுதான் போகும்.

அப்படி ஒன்றரை வருடம் இருந்தாள். ஒரு மார்கழியில் சளி நெஞ்சில் இறங்கி, ஆறே நாளில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாங்காது என்று அந்த உடற்பயிற்சி அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கோயிலில் நிற்க இடமில்லை. இத்தனை வருடத்தில் அவள் வியாதி தெரிந்துபோன ஊர், தெரிந்தும் வந்திருந்தது. எனக்கு இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தவள் நான். மகன் என் தோளில் சாய்ந்து, "சித்தி, சித்தி" என்று அழுதான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் போன் செய்து, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறான். அக்காவின் நான்கைத் திருடியவளுக்கு அக்காவின் மகனும் கிடைத்துவிட்டான். இதை எழுதி முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வருமா என்று தெரியவில்லை. அக்கா சொல்லாதே என்றாள். அந்த ஒரு விஷயத்திலாவது அவள் தயவு இல்லாமல் இருந்து பார்க்கிறேன்.

போன வாரம் எனக்கு மறுபடியும் அந்தச் சோதனை நடந்தது. மஞ்சள் டேப் தேய்ந்து புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். நான் விறுவிறுவென்றுதான் நடந்ததாக நினைத்தேன், சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சீட்டில் மூன்று என்று எழுதி வட்டமிட்டு, என் புத்தக எண்ணையும் எழுதி, "டாக்டர் கண்டிப்பாப் பாக்கணும்மா" என்றார். என்னை உட்காரவைத்துவிட்டு அவர் எழுந்து நின்றுதான் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து, புத்தக உறைக்குள் இருந்த பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவுடையது நான்கு, என்னுடையது மூன்று. இப்போதும் அவளுக்குத்தான் ஒன்று கூடுதல். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவள் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தால், என் புத்தகத்தை அவள் மடியில் வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள், இந்த மூன்றை எனக்குத் தெரியாமல் எடுத்துத் தன் புத்தகத்தில் செருகிக்கொண்டிருப்பாள்.